முயல் தாடையில் கட்டி, ஊசியால் குத்தலாமா?

கேள்வி: எங்கள் முயலுக்கு இரண்டு வயது. பத்து நாளுக்கு முன் கீழ்த்தாடையில் கோலிக்குண்டு அளவில் இருந்த கட்டி இப்போது நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டும் குறையவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், ஊசியைச் சுட்டுக் குத்திச் சீழை எடுத்துவிட்டு, குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பைக் கொஞ்சம் கொடுத்தால் ஆறிவிடும் என்கிறார். செய்யலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில் அந்த சிரப். அமாக்சிசிலின் முயலின் வாய்க்குள் போனால் குடலில் செரிமானத்துக்கு உதவும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்ட கிருமிகள் பெருகி நஞ்சைக் கக்கும், கழிச்சல் கண்டு முயல் செத்தே போகலாம்.

அப்புறம் ஊசி. நாய், பூனைக்கு வரும் சீழ் தண்ணியாக இருக்கும், குத்தினால் வடியும். முயலின் சீழ் டூத்பேஸ்ட் மாதிரி கெட்டி, ஊசி வழியாக வரவே வராது. அதைச் சுற்றித் தடித்த உறை ஒன்று இருக்கும், வெளியே வராத சீழை அழுத்திப் பிதுக்கினால் அந்த உறை உள்பக்கமாகக் கிழிந்து சுற்றியுள்ள சதைக்குள் பரவும். வலியில் முயல் பின்காலை உதறினால் முதுகெலும்பே முறிந்துவிடும், அதை அமுக்கிப் பிடித்திருக்கும்போது இது நிஜமாகவே நடக்கிறது.

தாடையில் கட்டி என்றாலே எனக்குப் பல் மேல்தான் சந்தேகம். முயலுக்கு ஆயுள் முழுக்கப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். சோறு, பிஸ்கட், கேரட் என்று கொடுத்தால் தேயாத பல்லின் வேர் தாடைக்குள் நீண்டு, அங்கே சீழ் பிடிக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். பல் காரணம் என்றால் மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லையும் கட்டியையும் உறையோடு எடுக்க வேண்டும். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், முயல் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். முயலுக்கு வாந்தி வராது, அதனால் கிளம்பும்போது பட்டினி போடாதீர்கள்.

வீட்டில் உங்கள் வேலை அதற்கப்புறம்தான், அது சின்ன வேலையும் இல்லை. பல நேரம் புண்ணைத் தைத்து மூடாமல் திறந்தே விடுவார்கள், அடியிலிருந்து சதை வளர்ந்து வரட்டும் என்று. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் உப்பு, அதாவது சுமார் ஒன்றரை டீஸ்பூன் போட்டு ஆறவையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, டாக்டர் சொன்ன கணக்கில் மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதுச் சதையை எரித்துவிடும், வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், அதனால் முயலை வீட்டுக்குள் வலைக்கு அடியில் வைத்துக் காலையும் மாலையும் புண்ணைப் பாருங்கள். எத்தனை புழுக்கை போடுகிறது என்பதையும் கவனியுங்கள். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.

கேள்வி: சண்டை போட்டு வந்த பூனைக்கு மூன்று நாள் கழித்துக் கன்னம் வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. பாராசிட்டமால் கால் மாத்திரை கொடுக்கலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடவே கூடாது. கால் மாத்திரையே பூனையைக் கொல்லும். கடித்த பல் உள்ளே கிருமியை இறக்கிவிட்டுப் போக, மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டியிருக்கிறது. வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐந்தைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். தானாக உடைந்தால் வடியவிட்டு மேலே சொன்ன உப்புத் தண்ணீரில் கழுவுங்கள், ஓட்டையை அடைக்கிற மாதிரி களிம்பு எதையும் அப்ப வேண்டாம். உடைந்தாலும் உடையாவிட்டாலும் காய்ச்சல் இருப்பதால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.