அட்லி சொன்னாராம்!

கேள்வி: 'காந்தியால் ஒன்றும் நடக்கவில்லை, நேதாஜியின் படைக்குப் பயந்துதான் ஓடினோம்' என்று பிரிட்டிஷ் பிரதமர் அட்லியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ரகசியக் கடிதங்களிலும் இதுதான் இருக்கிறதாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் உங்கள் பத்திரிகைக்கு மட்டும் தெரியவில்லையா, இல்லை எழுதப் பயமா?
– ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: பயமெல்லாம் இல்லை. இந்தக் கேள்வி வருஷத்துக்கு இரண்டு முறை, நேதாஜி பிறந்த நாளான ஜனவரி 23-ஐ ஒட்டி ஒன்றும் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஒன்றுமாகத் தவறாமல் வந்துவிடும். இத்தனை நாள் ஓரமாக எடுத்து வைத்தேன். 'பயமா' என்று கேட்டுவிட்டீர்கள், இனி விட முடியாது.

முதலில் அட்லி. அந்த வாசகத்தை அட்லி எழுதவில்லை. அட்லி சொன்னதாக இன்னொருவர் எழுதினார். 1956-ல் அட்லி கல்கத்தா வந்து ஆளுநர் மாளிகையில் இரண்டு நாள் தங்கியிருந்தார். அப்போது அங்கே பொறுப்பு ஆளுநர், கல்கத்தா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.பி. சக்ரவர்த்தி. 'ஏன் அவ்வளவு அவசரமாகப் போனீர்கள்?' என்று கேட்டாராம். நேதாஜியின் படையால் இந்தியச் சிப்பாய்களின் விசுவாசம் ஆட்டம் கண்டுவிட்டது என்றாராம் அட்லி. காந்தியின் பங்கு? உதட்டைச் சுழித்து, எழுத்து எழுத்தாக மென்று, 'மிகக் குறைவு' என்றாராம். இதைச் சக்ரவர்த்தி ஒரு கடிதத்தில் எழுதிய தேதி 1976 மார்ச் 30. பேச்சு நடந்து 20 வருஷம். அட்லி இறந்தே 8 வருஷத்துக்கு மேல்.

சக்ரவர்த்தி பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் நீதிபதி. '20 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சொன்னார், கேட்டது நான்தான், சொன்னவர் போய்ச் சேர்ந்துவிட்டார்' என்று ஒரு சாட்சி கூண்டில் ஏறியிருந்தால், அவரே எவ்வளவு மதிப்பெண் போட்டிருப்பார்?

சரி, கடிதங்களுக்கு வருவோம். சுவாரஸ்யம் அங்கேதான் இருக்கிறது. 1942 ஜனவரியிலிருந்து 1947 ஆகஸ்ட் 15 வரை டில்லிக்கும் லண்டனுக்கும் இடையே ஓடிய கடிதங்கள், தந்திகள், அமைச்சரவைக் குறிப்புகள் ஆகியவற்றைப் பிரிட்டிஷ் அரசே 1970 முதல் 1983 வரை 12 தொகுதிகளாக அச்சிட்டுவிட்டது. இன்னும் அதை 'ரகசியக் கடிதம்' என்று கிசுகிசுப்பது வேடிக்கை. செங்கல் செங்கலாக நூலக அலமாரியில் இருக்கிறது. நான் இரண்டாம் தொகுதியை இரவல் கேட்டபோது, நூலகர் தூசியைத் தட்டிவிட்டு, 'இதையா கேட்டீர்கள்?' என்று இரண்டு முறை உறுதிசெய்துகொண்டுதான் கொடுத்தார்.

வைஸ்ராய்க்கு இரண்டு வழி உண்டு. ஒன்று அலுவல் தபால். கோப்பில் ஏறும், நிர்வாகக் குழு பார்க்கும். இன்னொன்று, லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த 'இந்தியா மந்திரி'க்கு எழுதும் அந்தரங்கக் கடிதம், பிரதமருக்கு நேரே போகும் தந்தி. முதலாவதில் சட்டை போட்டுக்கொண்டு பேசுவார்கள், இரண்டாவதில் பனியனோடு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அதில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேதி 1942 ஆகஸ்ட் 31. வைஸ்ராய் லின்லித்கோ, பிரதமர் சர்ச்சிலுக்கு அடித்த தந்தி. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு இவ்வளவு கடுமையான கலகத்தைக் கண்டதில்லை, அதை எதிர்கொண்டுகொண்டிருக்கிறேன், அதன் தீவிரத்தையும் பரப்பையும் ராணுவப் பாதுகாப்பை உத்தேசித்து இதுவரை உலகத்திடமிருந்து மறைத்து வைத்திருக்கிறோம் என்கிறார். கிராமப்புறத்தில் பெரும் பகுதிகளில் கும்பல் வன்முறை இன்னும் ஓயவில்லை, செப்டம்பரில் மறுபடி கிளம்பாது என்ற நம்பிக்கை எனக்கில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். பீகாரில் தண்டவாளத்தைப் பெயர்ப்பவர்களை விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட அனுமதி கொடுத்தவர் இவர். 57 பட்டாளங்களை இறக்கியும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. நம் பக்கத்தில் சூலூர் விமானதளம் எரிந்ததும் அந்த ஆகஸ்டின் கடைசி வாரத்தில்தான்.

பத்து நாள் கழித்து, செப்டம்பர் 10 அன்று, சர்ச்சில் பாராளுமன்றத்தில் எழுந்து நின்றார். நிலைமை மொத்தத்தில் நம்பிக்கை தருகிறது என்றார். காங்கிரஸ் இந்தியாவின் பெரும்பான்மையைப் பிரதிநிதித்துவப்படுத்தவில்லை என்றார். இவ்வளவு பெரிய நாட்டில் 500 பேருக்கும் குறைவாகத்தான் இறந்திருக்கிறார்கள் என்றார். 1857-ஐ மூச்சு விடவில்லை. தந்தியைப் படித்துவிட்டுப் பேசிய பேச்சு அது. பேசியதை நம்புவதா, எழுதியதை நம்புவதா என்று கேட்டால், நான் எழுதியதன் பக்கம்.

ஆனால் எழுதியதையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. அந்தத் தந்தியை லின்லித்கோ எதற்காக அடித்தார் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து வெண்டல் வில்கியும் ஷெர்வுட் எடியும் இந்தியாவுக்கு வரப்போவதாகச் செய்தி. வில்கி, 1940 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றவர். எடி, கிறிஸ்தவ ஊழியர். சமரசம் பேசுகிறேன் பேர்வழி என்று இவர்கள் நுழைந்தால் காரியம் கெட்டுவிடும், இந்த நல்ல மனசுக்காரர்களின் படையெடுப்பைக் கொஞ்ச நாளைக்காவது நிறுத்த உதவுங்கள் என்பதுதான் தந்தியின் கோரிக்கை. விருந்தாளி வராமல் இருக்க, 'வீட்டில் அம்மை போட்டிருக்கிறது' என்று சொல்கிற ரகம். அதற்காக அம்மை பொய் என்று ஆகாது; இங்கே வீட்டில் நிஜமாகவே அம்மை போட்டிருந்தது. ஆனால் எந்தக் கடிதத்தையும், யார், யாருக்கு, என்ன காரியமாக எழுதினார் என்று பார்க்காமல் ஒரு வரியை மட்டும் கத்தரித்து ஒட்டினால், அது சாட்சியம் ஆகாது, சுவரொட்டிதான்.

இனி உங்கள் குழுவில் யாரும் கவனிக்காத ஒரு தேதிப் பொருத்தம். லின்லித்கோ '1857' என்று எழுதிய அன்று இந்திய தேசிய ராணுவம் முறைப்படி அமையவில்லை. மோகன் சிங் தலைமையில் அது அமைந்தது மறுநாள், செப்டம்பர் 1. நேதாஜி அப்போது ஜெர்மனியில் இருந்தார். கிழக்கே வந்து படையின் பொறுப்பை ஏற்க இன்னும் பத்து மாதம் இருந்தது. அப்படியானால் வைஸ்ராயைத் தூங்கவிடாமல் செய்தவர்கள் யார்? 'வெள்ளையனே வெளியேறு' என்ற காந்தியின் ஒரு வார்த்தைக்குக் கிளம்பிய ஊர்க்காரர்கள், மாணவர்கள். ஆகஸ்ட் 9 விடிகாலையிலேயே தலைவர்களை அள்ளிக்கொண்டு போய்விட்ட பிறகு, சொல்ல ஆளில்லாமல் தாங்களாகவே செய்தவர்கள். காந்தி பக்தர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். அவர்கள் செய்ததில் தண்டவாளமும் காவல் நிலையமும் தப்பவில்லை, ராட்டை சுற்றி நடந்த புரட்சி அல்ல அது.

அப்படியானால் நேதாஜியின் படைக்குப் பங்கே இல்லையா? நிறைய உண்டு. அதற்கும் கடிதமே சாட்சி. செங்கோட்டையில் அந்தப் படையின் அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் 1945 நவம்பர் 5 முதல் விசாரணை நடந்தது. ஆயுள் நாடு கடத்தல் தண்டனை. தலைமைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரி தொடக்கத்தில் அதை ரத்து செய்து மூவரையும் வெளியே விட்டார். பிரிட்டிஷ் அதிகாரிகள் கொதித்துப் போனார்கள். கூடவே நின்று சண்டை போட்ட தோழர்களைச் சுட்டவர்களுக்கா மன்னிப்பு என்று. அவர்களைச் சமாதானப்படுத்தத் தன் தளபதிகளுக்கு பிப்ரவரி 12 அன்று ஆக்கின்லெக் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மிக அந்தரங்கம், ரகசியம் என்று மேலே போட்டிருக்கிறது. தண்டனையை வற்புறுத்தியிருந்தால் நாடெங்கும் குழப்பம் வந்திருக்கும், படைக்குள் கலகமும் பிளவும் மூண்டிருக்கும், கடைசியில் படையே கலைந்து போயிருக்கும் என்கிறார். உருப்படியான இந்திய அதிகாரி எவனும் இன்று தேசியவாதிதான், கண்ணை மூடிக்கொண்டு பயனில்லை என்பதும் அவர் வார்த்தைதான். இந்தியச் சிப்பாயிடமே வாழ்நாளைக் கழித்த ஒரு வெள்ளைக்காரர், 40 வருஷச் சர்வீஸின் முடிவில் இதை எழுதும்போது கை நடுங்கியிருக்கும்.

கடிதம் போய் ஆறாம் நாள், பிப்ரவரி 18, பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்தில் கடற்படை மாலுமிகள் சாப்பாடு சரியில்லை என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாலைந்து நாளில் அது 78 கப்பல்களுக்குப் பரவியது. இதை உங்கள் குழுவில் இப்படி எழுதியிருப்பார்கள்: 'மாலுமிகள் கிளம்பியதும் மறுநாளே பிரிட்டன் மூன்று மந்திரிகளை அனுப்புவதாக அறிவித்தது.' அறிவிப்பு பிப்ரவரி 19 என்பது சரி. ஆனால் அதிகார மாற்றம் பற்றிப் பேச அந்த மந்திரிகளை அனுப்பும் முடிவைப் பிரிட்டிஷ் அமைச்சரவை எடுத்தது ஜனவரியிலேயே. தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காரணமும் காரியமுமாகிவிடாது.

இன்னொன்றையும் கேளுங்கள். செங்கோட்டை விசாரணை ஏன் நாட்டையே உலுக்கியது? காங்கிரஸ் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்து வழக்காடியது. புலாபாய் தேசாய் வாதாடினார். நேரு வருஷக்கணக்கில் தொடாத வக்கீல் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். அது தேர்தல் காலம். மேடைக்கு மேடை அந்த மூவரின் பெயர்தான். மலேயாவில் கூடிய படையை இந்தியத் தெருவுக்குக் கொண்டுவந்தது நீங்கள் 'ஒன்றும் செய்யவில்லை' என்கிற அதே கட்சி. அந்தப் படைக்குள்ளே பிரிவுகளுக்கு என்ன பெயர்? காந்தி பிரிகேட், நேரு பிரிகேட், ஆசாத் பிரிகேட். 1944 ஜூலை 6 அன்று வானொலியில் காந்தியை 'தேசத்தின் தந்தை' என்று அழைத்து ஆசி கேட்டவர் சாட்சாத் நேதாஜிதான். அவர் சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்குக் கொடுத்த மரியாதையை அவர் பேரால் குழு நடத்துகிறவர்கள் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

எதிர் முகாமும் சளைத்ததில்லை. அங்கிருந்து வரும் தகவல் இப்படி: 'வங்காளப் பஞ்சத்துக்குத் தானியம் கேட்டபோது, காந்தி இன்னும் ஏன் சாகவில்லை என்று சர்ச்சில் பதில் தந்தி அடித்தார்.' மேற்கோள் குறி போட்டு, சர்ச்சில் படத்தோடு. மூலம் என்னவென்று பார்த்தால், லின்லித்கோவுக்கு அடுத்து வந்த வைஸ்ராய் வேவலின் நாட்குறிப்பு, 1944 ஜூலை. அந்த மே மாதம்தான் உடல்நிலையைக் காரணம் காட்டிக் காந்தியை விடுதலை செய்திருந்தார்கள். காந்தி இன்னும் ஏன் சாகவில்லை என்று வின்ஸ்டன் சிடுசிடுப்பாக ஒரு தந்தி அடித்திருக்கிறார் என்று வேவல் தன் பாணியில், எரிச்சலோடு எழுதிக்கொள்கிறார். வாசகம் வேவலுடையது, சர்ச்சில் வாயில் மேற்கோளாகப் போட முடியாது. தானியக் கோரிக்கைக்கு அது பதிலும் இல்லை.

சர்ச்சிலைத் தப்பவைக்க இதைச் சொல்லவில்லை. இந்தியாவின் முக்கியப் பிரச்சினைகளை உங்கள் அரசு அலட்சியத்தோடும், சில சமயம் பகையோடும் இளக்காரத்தோடும் நடத்துகிறது என்று 1944 அக்டோபர் 24 அன்று சர்ச்சிலுக்கே நேரே எழுதியவர் இந்த வேவல். சிப்பாயாக இருந்து வைஸ்ராயானவர், நயமாக எழுதத் தெரியாது. நாட்குறிப்பில் காந்தி வரிக்கு அடுத்த வரியைத்தான் யாரும் பகிர்வதில்லை. உணவு குறித்து நான் அடித்த தந்திக்கு அவர் இதுவரை பதிலே போடவில்லை என்று இருக்கிறது அங்கே.