கோழி சோர்ந்து நின்றால்: கேள்வி பதில்

நேற்றுவரை நன்றாக மேய்ந்த கோழி, இன்று இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி வழிகிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது. கைவைத்தியம் போதுமா? (கோட்டையூரிலிருந்து ஓர் ஆச்சி)

முதலில் அதைத் தனியாகப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்த்துவிடுங்கள், ஆச்சி. மருந்தெல்லாம் அப்புறம். வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, கழுத்து முறுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். ராணிக்கெட் என்பதும் இதுதான். வைரஸ் நோய், குணப்படுத்த மருந்து கிடையாது. சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுங்கள், தப்பில்லை. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி வையுங்கள், சீக்குக் கோழிக்குக் கடைசியில். பிறகு கைகாலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மிச்சக் கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்பாதீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழியும் நோயைச் சுமந்து போகும். வாங்குகிறவர் வீட்டுக் கொல்லையே காலியாகிவிடும்.

ஒரு மாதக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிகின்றன. (தேவகோட்டை)

இது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. மருத்துவர் சொல்லும் அளவில் ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும், தாமதிக்காதீர்கள். நனைந்த உமியை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம். (புதுவயல்)

அம்மை. பெரும்பாலும் கொசுதான் பரப்புகிறது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுங்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். வாய்க்குள் வெள்ளையாகப் படிந்தால் இரை எடுக்காது, மூச்சும் அடைக்கும். உடனே மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

தடுப்பூசி போட்டும் வெள்ளைக்கழிச்சலில் செத்துவிட்டதே, அண்ணே? (கானாடுகாத்தான்)

இரண்டு விஷயம் யோசியுங்கள், தம்பி. ஒன்று, மருந்து குளிர்ச்சியில் இருந்ததா? 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடையிலிருந்து பைக்கில் வெயிலில் கொண்டுவந்தால் போச்சு. ஐஸ் வைத்த பிளாஸ்கில் எடுத்து வந்து, கரைத்ததும் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். இரண்டாவது, ஏற்கெனவே நோய் உள்ளே போயிருந்தால் ஊசி காப்பாற்றாது. நோய் வரும் முன்பே போட்டிருக்க வேண்டும். குஞ்சுக்கு 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. எட்டாவது வார ஊசியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள்; அடுத்தது எப்போது என்று மருந்தகத்தில் கேட்டுக் குறித்து வையுங்கள். கால்நடைத் துறை பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாமையும் விடாதீர்கள். பஞ்சாரத்தைத் திறக்கும் முன் காலையிலேயே பிடித்துவைத்தால் ஓடித் துரத்த வேண்டாம்.

செத்த கோழியை என்ன செய்வது? (பள்ளத்தூர்)

கறிக்கு வேண்டவே வேண்டாம். ஒன்றிரண்டு செத்திருந்தால், அழுகும் முன் பாலித்தீன் பையில் இரட்டையாகக் கட்டி, ஐஸ் வைத்து மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் அறுத்துப் பார்ப்பார்கள். அரைவைப் பைக்கு முன்னால் இருக்கும் இரைப்பையின் உள்சுவரில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் சந்தேகம் வலுக்கும். மற்றவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

ஆனால் ஒரே இரவில் கூட்டமாகச் செத்து, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்திருந்தால் எதையும் தொடாதீர்கள், எங்கேயும் எடுத்துப் போகாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். பிள்ளைகளைக் கொல்லைப் பக்கம் விடாமல் கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள்.