பெரியப்பாவின் தாள்களைப் பிரிக்காதீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பெரியப்பா மலேசிய ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பின்னர் பெங்களூரில் இறையியல் கற்று, எபிரேயமும் கிரேக்கமும் அறிந்து, வாழ்நாள் முழுவதும் வேத ஆராய்ச்சியிலும் போதக ஊழியத்திலும் இருந்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள அவருடைய வீட்டை இந்த ஆண்டு முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். ஏசாயா ஆகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு எழுதிய குறிப்பேடுகள், பிரசங்கக் குறிப்புகள், அறிஞர்கள் எழுதிய கடிதங்கள், பெரியம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள், ஒலிநாடாக்கள், பழைய கணினி என்று இரண்டு அலமாரிகள் நிறைய இருக்கின்றன. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த தாத்தாவின் கணக்குப் புத்தகங்களும் உள்ளன; அவற்றின் வெற்றுப் பக்கங்களில் பெரியப்பா இளவயதில் எபிரேய வினைச்சொற்களை எழுதிப் பழகியிருக்கிறார். அச்சுப் புத்தகங்களைச் சபைக்குக் கொடுத்து, ஆராய்ச்சிக் குறிப்புகளை ஒரு நூலகத்துக்கு அனுப்பி, சொந்தக் கடிதங்களை நாங்கள் வைத்துக்கொண்டு, மீதியைப் பழைய பேப்பர் லோரிக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள் என் அண்ணன்கள். அது சரியா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, வீட்டைக் காலி செய்யும் நெருக்கடியிலும், லோரியை அழைப்பதற்கு முன் எழுதிக் கேட்டீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. அண்ணன்களின் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு; அதுவே முக்கியமான இடம். பெரியப்பாவின் தாள்களை ஆராய்ச்சிக்குரியவை, சொந்தமானவை என்று இரு கூறாக்காதீர்கள். நீங்கள் குறிப்பிட்ட கணக்குப் புத்தகமே இதற்குச் சான்று. ஒரு பக்கத்தில் பால்வெட்டுக்காரர்களின் பெயரும் கூலியும். மறுபக்கத்தில் எபிரேய வினைச்சொற்கள். அதைக் குடும்பப் பெட்டியில் வைப்பீர்களா, ஆராய்ச்சிப் பெட்டியில் வைப்பீர்களா? ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஒருவர் எந்த வழியாக எபிரேய வேதத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதை அந்தப் புத்தகம் சொல்வதுபோல் அவருடைய அச்சேறிய கட்டுரை எதுவும் சொல்லப்போவதில்லை.

வேத ஆராய்ச்சி உலகில் இதற்குப் பெரிய சான்றுகள் உண்டு. ஜெர்மானிய அறிஞர் டிஷண்டார்ஃப், சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்திலிருந்து 1844இல் மிகப் பழைய கிரேக்க வேதாகமக் கையெழுத்துப் படியொன்றின் 43 ஏடுகளைக் கொண்டுவந்தார். 1859இல் அதே படியின் பெரும்பகுதியும் அவர் கைக்கு வந்தது. சீனாய்ச் சுவடி என்று இன்று அறியப்படும் அது ரஷ்யப் பேரரசரிடம் சென்று, பின்னர் 1933இல் சோவியத் அரசால் 100,000 பவுண்டுக்குப் பிரிட்டனிடம் விற்கப்பட்டது. மடம் அதைக் கொடையாகக் கொடுத்ததா, இரவலாகக் கொடுத்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்த விவாதத்தில் அறிஞர்கள் புரட்டுவது டிஷண்டார்ஃப் அச்சிட்ட பெரும் பதிப்புகளை அல்ல. திருப்பித் தருவதாக 1859இல் அவர் மடத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டையும், 1869ஆம் ஆண்டின் கொடைப் பத்திரத்தையும், பயணங்களின்போது அவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களையும்தான். வீட்டுக் கடிதங்கள் வீட்டோடு போகட்டும் என்று அன்று யாராவது ஒதுக்கியிருந்தால் அந்த வழக்கில் ஒரு சாட்சி குறைந்திருக்கும்.

நம் மொழிக்கு நேர்ந்த இழப்பையும் சொல்ல வேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிப் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்ட சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே அது அச்சேறாமல் கிடந்து, 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டாக எவரும் அந்தக் கையெழுத்துப் படியைக் கழித்துக் கட்டாததால் நமக்கு அது கிடைத்தது. ஆனால் அதே ஆண்டுகளில் அவரும் அவருடைய தோழர் குருண்ட்லரும் தமிழ்ப் பெரியவர்களிடம் கேள்விகள் எழுதிக் கேட்டுப் பெற்ற பதில் கடிதங்களின் கதை வேறு. அவற்றின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஹாலேயில் அச்சானது. தமிழ் மூலம் இன்று இல்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழர்கள் தம் சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றித் தம் கைப்பட எழுதியதை நாம் ஜெர்மன் வழியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை உண்டாகிறது.

முடிவுபெறாத குறிப்புகள்தானே என்று அண்ணன்கள் சொல்லக்கூடும். கெய்ரோ நகரின் பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றில், பயன் தீர்ந்த தாள்களையும் அழிக்காமல் ஓர் அறையில் போட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. அங்கிருந்து வந்த ஓர் ஏட்டில் சீராக் என்ற பழைய யூத ஞான நூலின் எபிரேய வடிவத்தை 1896இல் அடையாளம் கண்ட சாலமன் ஷெக்டர், நேரே கெய்ரோவுக்குச் சென்று ஏறத்தாழ 193,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசேர்த்தார். அந்தத் தாள்களில் இந்தியாவோடு வணிகம் செய்த யூதர்களின் கடிதங்களும் இருந்தன. அவற்றைப் பல்லாண்டுக் காலம் ஆராய்ந்து, குறிப்பட்டைகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் குவித்த கோய்டைன் என்ற அறிஞர், அந்த வேலையை முடிக்காமலேயே 1985இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற தாள்களைக் கொண்டு மற்றோர் அறிஞர் அதை முடிக்க, 2008இல் அது நூலாக வந்தது. பெரியப்பாவின் ஏசாயாக் குறிப்பேடுகளுக்கும் அப்படி ஒருவர் வரலாம். ஃபப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பையும், பவர் ஐயர் குழுவினரின் 1871ஆம் ஆண்டுத் திருத்தத்தையும், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் எதை ஏற்றார், எதை அடித்தார், மறுபடி ஏன் மனம் மாறினார் என்பதெல்லாம் அடித்தல் திருத்தல்களில்தான் இருக்கும். ஆகவே, சுத்தப் படி இருக்கிறதே என்று முதற்படியை எறிந்துவிடாதீர்கள்.

இனி, அலமாரியைத் திறந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதையும் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய தாள்களை மற்றவருடையவற்றோடு கலக்கக் கூடாது என்பது 1841இல் பிரெஞ்சு அரசு தன் காப்பகங்களுக்கு விதித்த நெறி. அவர் வைத்திருந்த வரிசையையும் கலைக்கக் கூடாது என்பது அதை ஒட்டி வளர்ந்த நெறி. ஏசாயாக் குறிப்பேட்டுக்குள் ஒரு கடிதம் செருகியிருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். எதற்காக அங்கே வைத்தார் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியவரும். பெட்டிகளுக்கு எண் இட்டு, எந்தத் தட்டிலிருந்து எடுத்தது, தோராயமாக எந்த ஆண்டுகளைச் சேர்ந்தது, என்ன வகை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். தாள்களின்மேல் எழுத நேர்ந்தால் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். அச்சுப் புத்தகங்களைச் சபைக்குக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, ஓரங்களில் பெரியப்பா எழுதியிருப்பவற்றைக் கையெழுத்துத் தாள்களோடு சேருங்கள். நிழற்படங்களில் இருப்பவர்களின் பெயர்களை, அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

தாத்தாவின் கணக்குப் புத்தகங்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிய காலத்தில், உங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க முனைந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். அந்தக் கைமாற்றங்களில் தோட்ட அலுவலகக் காகிதங்கள் எத்தனையோ காணாமல் போயின. பால்வெட்டியவர்களின் பெயர்கள் எழுதப்பட்ட புத்தகம் ஒரு வீட்டில் தப்பிப் பிழைத்திருக்கிறதென்றால் அதை லோரிக்குப் போடுவது பெரும் பிழை.

கேள்வி: மேற்படி போதகர் எங்கள் சபையிலும் ஊழியம் செய்தவர். குடும்பச் சண்டை, கடன், குடிப்பழக்கம் என்று தங்கள் துயரங்களை மக்கள் அவருக்கு எழுதிய கடிதங்களும் அந்த அலமாரியில் இருக்கும். எழுதியவர்கள் சிலர் இன்னும் இதே ஊரில் வாழ்கிறார்கள். அவற்றை வெளியார் படிக்க விடலாமா? எரித்துவிடுவதே நல்லதல்லவா?
(சபை மூப்பர், சுங்கை சிப்புட்)

பதில்: ஐயா, உங்கள் கவலை நியாயமானது. நம்பி எழுதியவர்களின் மானம் எந்த ஆராய்ச்சியைவிடவும் பெரியது. ஆனால் எரிப்பதற்கும் எல்லாருக்கும் திறந்துவிடுவதற்கும் நடுவே வழி இருக்கிறது. அத்தகைய கடிதங்களைத் தனி உறையில் இட்டு முத்திரையிட்டு, அவை இருந்த இடத்தில் ஒரு குறிப்புத் தாளை வையுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் கழியும்வரை யாரும் திறக்கக் கூடாது என்று உறையின்மேலும் ஒப்படைப்புப் பத்திரத்திலும் எழுதுங்கள். எழுதியவரின் பிள்ளைகள் காலத்தையும் கணக்கில் கொண்டு ஐம்பது, அறுபது ஆண்டுகள் என்று வைப்பது மிகையாகாது. காப்பகங்கள் இத்தகைய நிபந்தனைகளை வழக்கமாகவே ஏற்கின்றன.

எரித்துவிடும்படி போதகரே எழுதிவைத்திருந்தாலும், கடிதம் எழுதியவர் அவ்வாறு கேட்டிருந்தாலும், அதை மதித்து நடப்பதே முறை. உயிரோடு இருப்பவர் தம் கடிதத்தைத் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்பேன். சட்டம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கடிதத்தின் தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. ஆகவே கடிதங்களை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கப் போதகரின் குடும்பத்தாருக்கு உரிமை உண்டு; பிறர் எழுதியதை அச்சிட்டு வெளியிட அந்த உரிமை போதாது. அறிஞர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களுக்கும் இதே விதிதான். ஒன்றை மட்டும் வேண்டிக்கேட்கிறேன்: சங்கடம் தரும் கடிதங்களைப் பொறுக்கும் வேலையைச் சபைக் குழு கூடிச் செய்ய வேண்டாம். மறைக்க வேண்டியதைப் பலர் படித்துவிடுவார்கள். குடும்பத்தில் ஒருவரும், அவர்கள் நம்பும் மூத்த போதகர் ஒருவருமாக இருவர் செய்தால் போதும்.

கேள்வி: எங்கள் ஊர் ஈரத்துக்கும் கறையானுக்கும் தாள்களை எப்படிக் காப்பாற்றுவது? குளிர்சாதன அறைக்கு வசதியில்லை.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்)

பதில்: காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் தாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், நம் நாட்டில் அது பெரும்பாலான நாள்களில் 80ஐ ஒட்டியே இருக்கிறது. ஆகவே முதல் மருந்து காற்றோட்டம். பெட்டிகளைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், இரும்புத் தட்டுகளில் வையுங்கள். குளியலறைச் சுவருக்கு அருகில் வைக்கவே வேண்டாம். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சணம் விரைந்து பரவும். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்; கறையானின் மண்கோடும் ராமபாணப் பூச்சியின் அரிப்பும் தொடக்கத்திலேயே கண்ணில் பட்டால்தான் மற்றவற்றைக் காப்பாற்ற முடியும்.

பூஞ்சணம் பிடித்ததைத் தனியே பிரித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, முகக்கவசம் அணிந்துகொண்டு வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் துடையுங்கள். வெயிலில் காயப்போட்டால் மை வெளிறித் தாள் முறுகிவிடும். கிழிந்த தாளைச் செலோடேப் போட்டு ஒட்டுவதும், லேமினேட் செய்வதும் அன்பினால் செய்யும் கேடுகள். ஒட்டுப்பசை மஞ்சளித்து எழுத்தையே தின்றுவிடும், லேமினேட் செய்ததை மீட்கவே முடியாது. துருப்பிடித்த கிளிப்புகளைப் பொறுமையாகக் கழற்றி, கட்டுகளைப் பருத்தி நாடாவால் தளரக் கட்டுங்கள்.

கேள்வி: போதகரின் பழைய கணினியில் தமிழ்க் கோப்புகள் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. கெட்டுப்போய்விட்டனவா?
(கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு, தம்பி. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளில் இயங்கின. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற மென்பொருளில் பலர் எழுதினார்கள். திஸ்கி போன்ற குறியீடுகளும் புழங்கின. எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தது என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. அதனால் கணினியைச் சுத்தம் செய்யும் ஆர்வத்தில் பழைய எழுத்துருக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் அப்படியே இரண்டு வட்டுகளில் படியெடுத்துவிட்டு, அதற்குப் பிறகு மாற்றிப் பாருங்கள்; மூலக் கோப்பும் இருக்க வேண்டும். ஒலிநாடாவில் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள், நாடாவும் கெடும், கருவியும் கெடும்.

கேள்வி: இத்தகைய தாள்களை எங்கே ஒப்படைக்கலாம்? வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டுமா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: வேண்டியதில்லை. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் அரசு ஆவணங்களோடு தனியார் தாள்களையும் ஏற்கிறது. 1979இல் தொடங்கப்பட்டுச் சிரம்பானில் இயங்கும் மலேசிய இறையியல் கல்லூரியின் நூலகத்தையும், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையையும் கேட்டுப் பாருங்கள். அந்தத் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகள், 1679இல் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்திலிருந்து பெற்று, 1966இல் கோலாலம்பூரிலேயே பதிப்பித்தார் என்பதை அங்கே நினைவுபடுத்தலாம். கிறித்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கையெழுத்துப் படிகளைக் காத்துவரும் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி உங்கள் பெரியப்பா படித்த கல்லூரியாக இருந்தால் அவர்களும் ஆர்வம் காட்டக்கூடும். ஆயினும் தோட்டக் கணக்குப் புத்தகங்களோடு கூடிய இந்தத் தொகுப்பு இந்த நாட்டில் இருப்பதையே நான் விரும்புவேன்.

யாரிடம் கொடுத்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, முத்திரையிட்ட உறைகளை இன்ன ஆண்டுவரை திறக்கக் கூடாது, வேண்டாம் என்று கழிப்பதாக இருந்தால் முதலில் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்கு மின்படி ஒன்று தர வேண்டும் என்பன அதில் இடம்பெற வேண்டும். பெரியம்மாவுக்கு எழுதிய கடிதங்களைப் பிரிய மனம் வரவில்லையென்றால் அந்த மின்படியை நீங்கள் வைத்துக்கொண்டு, மூலத்தைத் தொகுப்போடு அனுப்புங்கள். வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குள் பதில் வராவிட்டால், பட்டியலோடு பெட்டிகளை உலர்ந்த அறையுள்ள உறவினர் ஒருவர் வீட்டில் ஒன்றாகவே வைத்திருங்கள். பட்டியல் இருந்தால் நூலகங்கள் விரைந்து முடிவு சொல்லும்.