ஆலை தரும் பணத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே நான்கு சாயப்பட்டறைகள். கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டது, தென்னை காய்ப்பதில்லை. கலெக்டர் ஆபீஸில் முதல் மனு கொடுத்து நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகிறது. அதன்பின் பதினோரு மனு கொடுத்தும் அதிகாரிகள் அலைக்கழிக்கிறார்களே தவிர, பலனில்லை. அரசு நிவாரணமும் நிபுணர் உதவியும் கிடைக்குமா? ஒரு பட்டறை குடும்பத்துக்கு 40,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது.

பதில்: அதிகாரிகள் அலைக்கழித்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான், ஆனால் வழக்குக்கு உதவாது. நான் பார்ப்பது தேதியை மட்டும்.

உங்கள் வழக்கு போக வேண்டிய இடம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அதாவது சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு. அதற்கான 2010-ஆம் வருடச் சட்டத்தின் பிரிவு 15-ன்படி, பாதிப்புக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் இழப்பீடு கேட்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம், அவ்வளவுதான். கலெக்டரிடம் கொடுத்த மனுக்கள் இந்தக் கெடுவை நிறுத்தி வைக்காது. முதல் மனுவின் நகலை எடுத்துப் பாருங்கள். அதில் "கடந்த ஆறு மாதமாக" என்று எழுதியிருந்தால் உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம்தான். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

இப்போது அந்த 40,000. இதில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். ரசீது என்று சொல்லி ஒரு பத்திரம் நீட்டுவார்கள். "நல்லெண்ண அடிப்படையில் பெற்றுக்கொண்டேன்" என்று மேலே இருக்கும். கீழே, கையெழுத்துக்குச் சற்று முன்னால், "பட்டறையால் என் நிலத்துக்குப் பாதிப்பு ஏதுமில்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். ஊரில் ஐந்து பேர் அதில் கையெழுத்துப் போட்டால் போதும், மற்ற அறுபது பேருக்கு எதிராகவும் அதே காகிதத்தைத்தான் காட்டுவார்கள். முதலில் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் ஆக வேண்டும், அதுவரை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று இன்றே ஊரைக் கூட்டிச் சொல்லுங்கள்.

'அதுவரை' என்றேன், ஏனென்றால் சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். பாலாற்றுத் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. 2001-ல் இழப்பீட்டுத் தொகையும் முடிவானது. அந்தப் பணத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்லி 2025-லும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அத்தனை காலம் உங்கள் தென்னை தாங்காது. அதனால் முதலில் சென்னையில் உள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். அப்புறம் பேசுங்கள். குடிநீர்க் குழாய், கழிவுநீர் வெளியே வராமல் தடுப்பது, மரத்துக்கு இவ்வளவு என்று எழுதி, அந்த ஒப்பந்தத்தைத் தீர்ப்பாயத்தில் பதிவு செய்யுங்கள். மீறினால் அங்கேயே போய் நிற்கலாம்.

அரசு உதவி பற்றி: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டறைக்கு விதிக்கும் தொகை உங்கள் கைக்கு வருகிற பணம் அல்ல, அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். தீர்ப்பாயத்தில், கேட்கும் இழப்பீட்டில் ஒரு சதவீதம் கட்டணம் உண்டு, அதனால் கோடிக்கணக்கில் எழுதாதீர்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எதுவானாலும் இலவச வக்கீல் கிடைப்பார்; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை வாங்குங்கள். தீர்ப்பாயம் பல துறை அதிகாரிகள் கொண்ட கூட்டுக்குழுவை ஆய்வுக்கு அனுப்பினால், அவர்கள் மாதிரி எடுக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் கிணற்றடியில் நிற்க வேண்டும். எந்தக் கிணறு, எத்தனை மணி என்று அவர் குறித்துக்கொள்ளட்டும். முதல் மனுவின் நகலோடு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.