வயிறு பெருத்து சீனி வருத்தமும் (நீரிழிவு) பிடிபட்டிருக்கிறது. சாப்பாட்டை மாற்றினால் கண் தப்புமா?

இடுப்பு 98 சென்ரிமீற்றர், சீனி போன மாதம்தான் பிடிபட்டது, கண்ணாடிக் கடையில் பார்வை சரி என்றார்கள், இனிக் கீரையும் கரட்டும் சாப்பிட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். சாப்பாடு கட்டாயம் உதவும். ஆனால் அதற்கு முதல், மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பியுங்கள். கண்ணாடிக் கடைச் சோதனை இதற்கு ஈடாகாது. விழித்திரையில் கசிவு தொடங்கிய பிறகும் பலர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவார்கள்.

குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு டிஎன்எஃப்-ஆல்பா, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காய்ச்சலும் இல்லை, நோவும் இல்லை. அழற்சி கூடக் கூட வெள்ளணுக்கள் விழித்திரையின் நுண்ணிய குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் இரத்த ஓட்டம் அடைபடும், இன்னோரிடத்தில் சுவர் தளர்ந்து நீர் கசியும். கூடிய சீனியும் பிரஷரும் இதை விரைவாக்கும். நம் மக்களுக்கு இடுப்பு ஆண் 90, பெண் 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனம் தேவை.

சாப்பாட்டில் முதலில் கை வைக்க வேண்டியது தேத்தண்ணியில். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். இரண்டு கரண்டி போட்டு நாளுக்கு நாலு கோப்பை குடித்தால் 32 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது. பிஸ்கட்டும் சோடாவும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. மென்பானப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி, அதை வாங்காதீர்கள். பகல் சோற்றுப் பார்சலில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்துக்குப் பருப்பும் மரக்கறியும் கூட்டுங்கள். இரவுக் கொத்து ரொட்டியைக் குறைத்தால் இடுப்பிலேயே தெரியும்.

கரட் தருவது விற்றமின் ஏ. விழித்திரையின் நடுப்பகுதியில் தங்கும் லூட்டீன் என்ற நிறப்பொருள் வேண்டுமென்றால் முருங்கையிலை, கங்குன், பொன்னாங்காணி, முட்டை மஞ்சள்கரு. கீரையைத் தேங்காய்ப்பூ போட்டு வறையாகச் செய்வது நல்ல பழக்கம், கொழுப்போடு சேர்ந்தால்தான் லூட்டீன் உடம்பில் சேரும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குடிப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. கிழமைக்கு இரண்டு தரம் சாளை, கும்பளா போன்ற மீன் குழம்பாக. பொரித்தால் எண்ணெய்தான் கூடும். பாமசியில் விற்கும் லூட்டீன் குளிசை, வயதோடு வரும் மாக்குலாத் தேய்வு (விழித்திரை நடுப்பகுதியின் தேய்வு) நடுநிலையை எட்டியவர்களுக்கானது. சீனியால் வரும் பாதிப்பை அது தடுக்காது, உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

பலரும் தவறவிடும் விடயம் ஒன்று. நெடுநாள் கூடிக் கிடந்த சீனியைச் சில மாதங்களில் கடகடவென்று இறக்கினால், ஏற்கெனவே இருக்கும் விழித்திரைப் பாதிப்பு சில காலம் மோசமாவதுண்டு. இன்சுலினிலும் இது கண்டது, சீனியைக் குறைக்கப் போடும் செமக்ளூடைட் ஊசியிலும் கண்டது. இதற்காகச் சீனியைக் குறைக்காமல் இருந்துவிடாதீர்கள், நீண்ட கால நன்மை அதில்தான். முதலில் விழித்திரையின் நிலையை அறிந்து, பாதிப்பு இருந்தால் அடுத்த பரிசோதனையை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு தரம். புதுக் கண்ணாடிக்கும் அவசரப்படாதீர்கள். சீனி ஏறி இறங்கும்போது கண்வில்லை வீங்கிச் சுருங்கி பவர் மாறும், சில வாரம் சீனி ஒரே நிலையில் நின்ற பிறகு அளவெடுங்கள்.

கண்மணியை விரிக்கும் துளி மருந்து விட்டால் நாலைந்து மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வாகனம் ஓட்டிப் போகாமல், கறுப்புக் கண்ணாடியோடு, ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மழையாய்க் கொட்டினாலோ, ஒரு பக்கம் திரை இறங்கியது போல மறைத்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திருக்காதீர்கள். அன்றே கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்தடியில் உள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள்.