76 இருக்கை, 39 டன்: பைலட் மகனின் அப்பாவுக்கு ஒரு பதில்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறான். கிரீன் கார்டு உண்டு. ஒரு ரீஜனல் ஏர்லைனில் (சிறு விமானங்களை ஓட்டும் கம்பெனி) மூன்று வருடமாக ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட். அவர்கள் விமானம் ஓட்டுவது ஒரு பெரிய ஏர்லைனுக்காக. அந்தப் பெரிய கம்பெனி பைலட்டுகளுக்கு இப்போது ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடக்கிறது. "ஸ்கோப் தளர்ந்தா எங்களுக்குப் பெரிய விமானம் வரும்ப்பா, சீக்கிரம் கேப்டன் ஆயிடுவேன்" என்கிறான். அதை நம்பி வீடு வாங்கப் பார்க்கிறான். வாங்கலாமா? ஸ்ட்ரைக் வந்தால் என்ன ஆகும்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

பதில்: நீங்கள் கோவைக்காரர் என்பதால் திருப்பூர் ஜாப் ஒர்க்கை வைத்தே சொல்லிவிடலாம். பிராண்டும் துணியும் ஆர்டரும் ஒருவருடையது. தைத்துக் கொடுப்பவருக்குக் கூலி மட்டும். உங்கள் மகனின் கம்பெனியும் அப்படித்தான். விமானத்தின் வாலில் இருக்கும் வண்ணம் பெரிய ஏர்லைனுடையது, டிக்கெட்டும் அவர்கள் விற்பது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று ரீஜனலுக்குக் கூலி வரும். சீட் காலியாகப் போனாலும் அந்தக் கூலி குறையாது. ஆனால் ஆர்டரை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டால் தையல்காரர் நிலை என்னவோ, அதேதான் இங்கும்.

பெரிய கம்பெனியின் பைலட்டுகளுக்கு இந்த ஜாப் ஒர்க் பிடிக்காது. தங்கள் வேலை வெளியே போகிறதே என்ற பயம். அதனால் தங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர்தான் ஸ்கோப். பெரிய ஏர்லைன்களான டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றிலும் வேலி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது: வெளியே கொடுக்கும் விமானத்தில் 76 இருக்கைக்கு மேல் கூடாது, புறப்படும்போது எடை 86,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் சுமார் 39 டன். இத்தனை விமானம்தான் கொடுக்கலாம் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

இந்த வேலிக்கு எவ்வளவு பலம் தெரியுமா? விமானம் தயாரிக்கும் எம்பிரேயர் கம்பெனி எரிபொருளை மிச்சப்படுத்தும் புது எஞ்சின் வைத்து E175-E2 என்ற விமானத்தை உருவாக்கியது. எஞ்சின் பெரிது, எடை சுமார் 45 டன். அமெரிக்க ரீஜனல்களால் அதை வாங்க முடியவில்லை. பழைய E175-ஐத்தான் இன்றும் வாங்குகிறார்கள். யுனைடெட் 2019-இல் இன்னொரு வேடிக்கை செய்தது. 70 பேர் உட்காரும் விமானத்தில் இருக்கைகளைக் கழற்றி 50 ஆக்கி, காலி இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரியும் தின்பண்ட மேடையும் போட்டு, CRJ-550 என்று பெயர் சூட்டியது. பயணிக்குச் சொகுசு என்று விளம்பரம். உள்காரணம், பெரிய விமானங்களின் எண்ணிக்கை வரம்பில் இடமில்லாததால், 50 இருக்கை விமானம் என்ற கணக்கில் அதைச் சேர்க்க வேண்டியிருந்ததுதான்.

இப்போது மகன் சொல்வதற்கு வருவோம். வேலி தளர்ந்தால் ரீஜனலுக்குப் பெரிய விமானம் வரலாம், கேப்டன் இடம் சீக்கிரம் கிடைக்கலாம். அதுவரை அவர் கணக்கு சரி. ஆனால் அவர் கடைசியில் போய்ச் சேர நினைப்பது எங்கே? பெரும்பாலான ரீஜனல் பைலட்டுகளைப் போல அந்தப் பெரிய கம்பெனிக்குத்தான். ஸ்கோப் தளரும்போது குறையக்கூடியது அங்கே இருக்கும் இடங்கள். 100 இருக்கை விமானத்தைப் பெரிய கம்பெனிச் சம்பளத்தில் ஓட்ட வேண்டியவர், அதையே ரீஜனல் சம்பளத்தில் ஓட்டுவார். 40 வயதுக்குள் இருப்பவருக்கு இது நஷ்டக் கணக்கு என்பதே என் கருத்து.

எல்லாத் தளர்வும் மோசம் என்றும் சொல்ல மாட்டேன். 2012-இல் டெல்டா பைலட்டுகள் 76 இருக்கை விமானங்களின் வரம்பை 153-லிருந்து 223 ஆக உயர்த்தச் சம்மதித்தார்கள். பதிலுக்கு 50 இருக்கை விமானங்கள் பெருமளவு குறைந்தன. 88 போயிங் 717 விமானங்கள் டெல்டா பைலட்டுகளின் கைக்கே வந்தன. விட்டுக்கொடுத்த இடத்தில் கூடுதலாக வாங்கிக்கொண்ட பேரம் அது. ஆகவே "ஸ்கோப் தளர்ந்தது" என்று செய்தி வந்தால், பதிலுக்கு எத்தனை விமானம் பெரிய கம்பெனிக்கு வருகிறது என்று மகனைக் கேளுங்கள்.

ஆர்டர் மாறும் ஆபத்து வெறும் பேச்சல்ல. காம்எயர் முழுக்க டெல்டாவுக்கே சொந்தமான ரீஜனல். 2001-இல் அதன் பைலட்டுகள் 89 நாள் ஸ்ட்ரைக் செய்தார்கள். 2012-இல் கம்பெனியே மூடப்பட்டது. யுனைடெட் ஒப்பந்தம் கைவிட்டுப் போனதும் எக்ஸ்பிரஸ்ஜெட் 2020 செப்டம்பரில் யுனைடெட்டுக்காகப் பறப்பதை நிறுத்தியது. இந்தத் தொழிலில் சீனியாரிட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போக முடியாது. பதினைந்து வருட கேப்டனும் புது இடத்தில் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

ஸ்ட்ரைக் பற்றி அதிகம் கவலை வேண்டாம். அமெரிக்காவில் விமானத் துறை 1926-ஆம் ஆண்டு ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. 1936-இல் விமானக் கம்பெனிகளையும் அதில் சேர்த்தார்கள். அதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. தேதி தாண்டினாலும் பழைய சம்பளமும் விதிகளும் அப்படியே ஓடும். அரசின் மத்தியஸ்த வாரியம் சமரச முயற்சியைக் கைவிட்டு இரு தரப்பையும் விடுவிக்கும்வரை ஸ்ட்ரைக் கிடையாது. விடுவித்தாலும் 30 நாள் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஜனாதிபதி குறுக்கிடலாம். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் நள்ளிரவில் ஸ்ட்ரைக் தொடங்கினார்கள். சம்பளத்தோடு, புது ரீஜனல் ஜெட்டுகளை யார் ஓட்டுவது என்பதும் அன்றைய சண்டை. சில நிமிடங்களிலேயே கிளின்டன் அவசரக் குழு அமைத்து நிறுத்திவிட்டார். "99 சதவீதம் பேர் ஸ்ட்ரைக்குக்கு ஓட்டு" என்று செய்தி வந்தால் பேரத்துக்கு அடிக்கும் மத்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கலாமா? வாங்கலாம், இன்றைய சம்பளத்தில் தாங்கும் கடன் என்றால். பைலட் சம்பளம் மணிக் கணக்கு. கதவு மூடிக் கிளம்புவதிலிருந்து போய்ச் சேரும்வரை ஓடும் நேரத்துக்குத்தான் பணம். மாதத்துக்குக் குறைந்தபட்ச உத்தரவாத மணி என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதை மணி விகிதத்தால் பெருக்குங்கள். கடன் தவணை அந்தத் தொகையில் அடங்க வேண்டும். ஓவர்டைம், வேலையில் சேரும்போது தரும் போனஸ், வரப்போகும் கேப்டன் சம்பளம் எதையும் சேர்க்காதீர்கள். போனஸை வாங்கிவிட்டு இத்தனை வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற ஷரத்து பல இடங்களில் உண்டு. பெரிய கம்பெனியிலிருந்து அழைப்பு வரும் நாளில் அது கழுத்தைப் பிடிக்கும்.

மகனிடம் இரண்டு விவரம் கேட்டு எழுதுங்கள்: அவர் கம்பெனிக்கும் பெரிய ஏர்லைனுக்கும் உள்ள ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, பெரிய கம்பெனிக்கு நேரடியாகப் போகும் வரிசையில் அவர் எண் என்ன. இந்த இரண்டும் தெரிந்தால் எத்தனை வருடக் கடன் சரிவரும் என்று அடுத்த இதழில் கணக்குப் போட்டே சொல்கிறேன்.