விடியற்காலையில் கடலுக்கு மேல் நின்ற வெளிச்சம்: கண் கோளாறா, மனக் கோளாறா?

கேள்வி: எனக்கு 58 வயது. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 11 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடியில் படுப்பேன். மூன்று வாரங்களுக்கு முன், விடியற்காலை நாலரை மணிக்கு, கடலுக்கு மேலே பளீரென்று ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன். சிவப்பும் பச்சையுமாக மின்னியது. இடமும் வலமுமாக அசைந்தது. சத்தமே இல்லை. வெளுக்கும் நேரத்தில் மங்கி மறைந்துவிட்டது. மேகம் இல்லாத நாளெல்லாம் அது வருகிறது. அதைப் பார்க்கவே இரண்டு மணியிலிருந்து விழித்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் மாலை, ஒரே வரிசையில் இருபது முப்பது புள்ளிகள் நகர்ந்து போய்ப் பாதி வானத்தில் ஒவ்வொன்றாக அணைந்தன. போன வாரம் விழிப்பு வந்தபோது கை கால் அசையவில்லை; பாய்க்குப் பக்கத்தில் கறுப்பாக ஓர் உருவம் நின்றது. மனைவி காத்து கருப்பு என்கிறாள். மகன் ‘கீழ்ப்பாக்கத்தில் சேர்த்துவிடலாம்’ என்று சிரிக்கிறான். பேத்தி பறக்கும் தட்டு என்கிறாள். என் கண் கெட்டுவிட்டதா, மூளை கெட்டுவிட்டதா? தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமா? வேற்றுக்கிரகவாசிகள் உண்மையிலேயே இருக்கிறார்களா?

பதில்: ஐயா, நீங்கள் வெளிச்சத்தைப் பார்த்தது உண்மை. இதை முதலில் சொல்லக் காரணம், உங்கள் கடிதத்தில் பயத்தைவிட அவமானம்தான் எனக்கு அதிகமாகத் தெரிந்தது. வானத்தில் புரியாத ஒன்றைப் பார்ப்பது நோய் இல்லை. பார்த்ததை நேரம், திசை, நிறம் என்று இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். மூளை கெட்டவர் எழுதும் கடிதம் இப்படி இருக்காது.

விடையும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கிழக்குத் திசை, நாலரை மணி, மேகமில்லாத நாளெல்லாம் வருவது, வெளுக்கும்போது மங்குவது. இந்த நான்கும் சேர்ந்தால் அது விடிவெள்ளி. சூரியனுக்கும் நிலவுக்கும் அடுத்தபடியாக நம் வானத்தில் அதிகப் பிரகாசமானது அந்த வெள்ளிக் கிரகம்தான். சுமார் எட்டு மாதம் விடியற்காலையில் தெரியும். பிறகு சில வாரங்கள் மறைந்திருந்து, மாலையில் மேற்கே தெரியும். இந்தச் சுற்று 584 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் பெரியவர்களுக்கு அது பழகிய விளக்கு. ஷிப்ட் முடித்து அசந்து தூங்கிய ஆண்டுகளில் உங்களுக்கு அதைப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

சிவப்பும் பச்சையும் எங்கிருந்து வந்தன? அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது அதன் ஒளி, தலைக்கு மேலே இருக்கும்போது கடப்பதைவிடப் பல மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. கடல் ஈரமும் சூடும் கலந்த அந்தக் காற்று ஒளியை வளைத்து நிறம் நிறமாகப் பிரிக்கிறது. மேலே ஏற ஏற வெள்ளையாகிவிடுவதைக் கவனித்துப் பாருங்கள்.

அசைந்ததுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது. இதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். இரவில் ஓர் அறையில் ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மூலையில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வையுங்கள். சுவரும் மேசையும் தெரியாத அளவுக்கு இருட்டு வேண்டும். எதிர் மூலையில் உட்கார்ந்து அந்தச் சிவப்புப் புள்ளியையே பாருங்கள். சில நொடிகளில் அது மெல்ல நகரும், பக்கவாட்டில் மிதக்கும், சில நேரம் வளைந்து மேலே ஏறும். ஊதுபத்தி இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நம் கண்மணிகள் ஒரு நொடிகூட முழுதாக நிற்பதில்லை. நுணுக்கமாக அசைந்துகொண்டே இருக்கின்றன. பகலில் சுவர், கதவு, மரம் என்று பக்கத்தில் ஒப்பிட ஏதாவது இருப்பதால் மூளை அந்த அசைவைக் கழித்துவிடுகிறது. இருட்டில் ஒற்றைப் புள்ளி மட்டும் இருந்தால் கண் அசைந்ததா, புள்ளி அசைந்ததா என்று மூளைக்குத் தெரிவதில்லை. இரவில் பறக்கும் விமானிகளுக்கு இதைப் பற்றித் தனியாகவே பயிற்சி தருகிறார்கள்.

1935-இல் முசாபர் ஷெரிப் என்ற உளவியலாளர் இதே இருட்டறை வெளிச்சத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். தனியாகப் பார்த்தவர்கள் புள்ளி இவ்வளவு தூரம் நகர்ந்தது என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அவர்களையே சேர்த்து உட்கார வைத்தபோது, மெல்ல மெல்ல எல்லோருடைய கணக்கும் ஒன்றுபோல் ஆகிவிட்டது. நகராத புள்ளிக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு தூரத்தை முடிவு செய்துவிட்டார்கள். மாடியில் உங்களோடு பேத்தியும் நின்று, ‘தாத்தா, இடது பக்கம் போகிறது’ என்று சொன்னால் உங்கள் கண்ணும் அதை ஒத்துக்கொள்ளும்.

நாளைக்கு மாடிச் சுவரில் தலையைச் சாய்த்து அசையாமல் உட்காருங்கள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்போடு வெளிச்சத்தை ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். இங்கும் அங்கும் தாவாது. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் ஒன்றரை முஷ்டி மேலே ஏறியிருந்தால் அது வானத்துப் பொருள். ஏறாமல் அடிவானத்திலேயே நின்றால் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருக்கும் கப்பலாக இருக்கலாம். நம் பகுதியில் இரவு வானத்துக்கு விளக்குக் குறைவே இல்லை: மணலி சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடர் மேகத்தில் பட்டுத் துடிக்கும், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்கு எரியும், கடல் பக்கமிருந்து நம்மை நோக்கி நேராக வரும் விமானம் அந்தரத்தில் நிற்பதுபோலவே தெரியும். சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா; அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால் நம் மாடியிலிருந்தே தெரியும்.

வரிசையாகப் போன புள்ளிகள் பெரும்பாலும் இணையச் சேவைக்காக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2019 மே மாதத்தில் முதல் தொகுப்பாக 60 ஏவப்பட்டன. அன்றுமுதல் தொகுப்புத் தொகுப்பாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. சூரிய ஒளி பட்டுத்தான் மின்னுகின்றன. பூமியின் நிழலுக்குள் நுழையும்போது ஒவ்வொன்றாக அணைந்துவிடும். நீங்கள் எழுதியதும் அதுதான்.

அடுத்து, பாய்க்குப் பக்கத்தில் நின்ற உருவம். கனவு காணும் தூக்கத்தில் மூளை நம் தசைகளைத் தளர்த்திப் பூட்டிவைக்கிறது; கனவில் ஓடினால் நிஜத்தில் எழுந்து ஓடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. எப்போதாவது விழிப்பு முந்திக்கொண்டு, பூட்டுத் திறக்கத் தாமதமாகிறது. கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, கனவின் மிச்சம் அறைக்குள் நிற்கும். நெஞ்சை யாரோ அழுத்துவதுபோலக்கூட இருக்கும். நம் பாட்டிமார் இதை அமுக்குவான் பேய் என்றார்கள். அமெரிக்காவில் இதே அனுபவத்தைச் சிலர் வேற்றுக்கிரகவாசி வந்து கடத்திப்போனதாகச் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர் உருவம் மாறுகிறது. உள்ளே நடப்பது ஒன்றுதான், தூக்க முடக்கம். சில நொடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில் தானே விலகும்; உயிருக்கு ஆபத்தில்லை. தூக்கம் குறைந்தவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வரும். வெளிச்சத்தைப் பார்ப்பதற்காக இரண்டு மணியிலிருந்து விழித்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, ஐயா, அந்த உருவத்தை வரவழைத்தது அந்தத் தூக்கக் குறைவுதான் என்று நினைக்கிறேன். பத்து நாள் ஒழுங்காகத் தூங்குங்கள், ஒருக்களித்துப் படுங்கள். மீண்டும் வந்தால் பதறாமல் ஒரு விரலை மட்டும் அசைக்க முயலுங்கள். அடிக்கடி வந்தாலோ, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது வேறொன்று. 11 ஆண்டுச் சர்க்கரை நோய்; கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்ததாக ஒரு வரிகூட இல்லை. சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கத் தொடங்கும்போது வலி இருக்காது, பார்வையும் குறையாது. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை கட்டாயம்.

என்னிடம் வந்த ஒரு தாயாரை மறக்க முடியவில்லை. மீன் விற்பவர். கண் ஓரத்தில் மின்னல் மின்னலாக அடிப்பதை அம்மன் காட்டும் அடையாளம் என்று நம்பிப் பத்து நாள் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். விழித்திரை பிய்ந்துகொண்டிருந்தது. வரும்போது பார்வையில் பாதியைத் திரை மூடியிருந்தது. முழுதாகத் திருப்பித் தர முடியவில்லை. அதனால் சொல்கிறேன். திடீரென மின்னல் அடித்தால், கறுப்புப் புள்ளிகள் மழைபோல் கொட்டினால், பார்வையில் ஒரு பக்கம் திரை விழுந்தால், அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து, கண் சிவந்து, வலியும் வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், அதுவும் அவசரம். இமையை மூடினாலும் வெளிச்சம் தெரிந்தால் அது வெளியே இருப்பதில்லை. விழித்திரையோ, ஒற்றைத் தலைவலியோ, அரிதாக வலிப்போ காரணமாக இருக்கலாம். உங்கள் வெளிச்சம் கண்ணை மூடினால் மறைகிறதா, வீட்டில் மற்றவர்களுக்கும் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் இப்போதைக்குத் தலைக்கு ஸ்கேன் தேவையில்லை.

உங்கள் மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கப்பட்டது; அங்கே குணமாகி வீடு திரும்பியவர்கள் ஏராளம். அந்தப் பெயரை ஏளனமாகச் சொல்லிச் சொல்லியே, சிகிச்சை தேவைப்படும் எத்தனையோ பேரை வாசலுக்கே போகவிடாமல் செய்துவிட்டோம். அப்பாவுக்கு இப்போது மனநோயின் அறிகுறி எதுவும் இல்லை. வெளிச்சம் தன்னிடம் பேசுகிறது, தனக்கு மட்டும் கட்டளை தருகிறது, யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அவர் சொல்லத் தொடங்கினால் சிரிக்காமல் கையைப் பிடித்து அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னல்ட் என்ற அமெரிக்க விமானி, ஒன்பது பொருட்கள் தண்ணீரில் வீசிய தட்டு தத்திப் போவதுபோலப் பறந்ததாகச் சொன்னார். அவர் சொன்னது அசைவை. பத்திரிகைகள் ‘பறக்கும் தட்டு’ என்று எழுதின. அதன்பிறகு ஊரெங்கும் மக்கள் தட்டு வடிவத்தையே பார்த்தார்கள். அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை வந்த 12,618 தகவல்களை ஆராய்ந்தது. 701 மட்டும் அடையாளம் காண முடியாமல் நின்றன. அடையாளம் தெரியவில்லை என்பதற்கு வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தது என்று பொருள் கொள்ள முடியாது. நாசா அமைத்த குழுவும் 2023 செப்டம்பரில் அப்படி ஒரு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. பார்த்ததைச் சொன்னால் கேலி செய்வார்கள் என்ற பயமே தகவல் சேராததற்கு ஒரு காரணம் என்றும் அந்தக் குழு குறிப்பிட்டது. இதை உங்கள் மகனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஆனால் உயிர் என்பது பூமியில் மட்டும்தானா என்று கேட்டால், நான் அப்படி நம்பவில்லை. 1995-இல் சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் முதல் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்று 5,500-க்கும் அதிகமானவை உறுதியாகியுள்ளன. எங்கோ ஓரிடத்தில், ஒரு நுண்ணுயிராவது இருக்கும் என்பது என் எண்ணம். நிரூபணம் இன்னும் யாரிடமும் இல்லை. வியாழனின் நிலவான யூரோப்பாவில் உயிர் வாழ ஏற்ற சூழல் உண்டா என்று ஆராய 2024 அக்டோபரில் ஒரு விண்கலம் கிளம்பியிருக்கிறது. 2030-இல் போய்ச் சேரும். தூரம்தான் நமக்கெல்லாம் தடை. சூரியனுக்கு அடுத்த விண்மீனின் ஒளியே நம்மை வந்தடைய நாலு ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1977-இல் கிளம்பிய வாயேஜர் விண்கலத்தின் வேகத்தில் அங்கே போக 70,000 ஆண்டுக்கு மேல் வேண்டும்.

இந்த வாரமே எழும்பூர் கண் மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ போய் விழித்திரையைக் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் கையோடு எடுத்துப்போங்கள். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். இரு சக்கர வாகனம் ஓட்டக் கூடாது. துணைக்கு மகனையே அழைத்துப்போங்கள். அதற்கு முன் ஒருநாள் நாலரை மணிக்கு அவரை எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விடிவெள்ளியைக் காட்டுங்கள்.